முதிரப்புழையின் மின்சாரம், கழிவுநீரின் தழைச்சத்து

1940ஆம் ஆண்டு மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் முதிரப்புழையாற்றின் நீர் மலைச்சரிவுக் குழாய்களில் இறங்கி மின்சாரமாக மாறத் தொடங்கியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் அது. தேயிலைத் தோட்டங்களின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு, அந்த மின்சாரம் எங்கே போயிற்று என்பது எழுதப்படவில்லை. அதில் ஒரு பங்கு நைட்ரஜனாயிற்று.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினியில் வீழ்ந்தது. விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும். திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆதரவோடு திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் முனைந்ததில், 1943இல் ‘ஃபாக்ட்’ நிறுவனம் பதிவாயிற்று. ஆலுவாவை அடுத்த உத்யோகமண்டலில், பெரியாற்றங்கரையில் எழுந்த அதன் ஆலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்ஃபேட் தயாரிப்பதே திட்டம். முதிரப்புழை பெரியாற்றில்தான் கலக்கிறது; மலையில் மின்சாரம் தந்த நீரே கீழே ஆலையின் ஓரமாகவும் ஓடியது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரு அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டு எளிதில் உடையாது. அதை உடைத்து ஹைட்ரஜனோடு சேர்த்தால்தான் அம்மோனியா. ஹைட்ரஜனுக்கு மற்ற நாட்டு ஆலைகள் நிலக்கரியை நாடின. கேரளத்தில் நிலக்கரி இல்லை. ஆகவே ஃபாக்ட் விறகை வாயுவாக்கியது. ஒரு நவீன உர ஆலையின் அடுப்புக்குக் காட்டு மரங்கள் போயின என்பது இன்று நம்பக் கடினமாக இருக்கும். 1960களில்தான் அம்முறை மாறிற்று.

இத்தனை பாடுபட்டு வயலில் இட்ட நைட்ரஜனில் பாதியை நெற்பயிர் எடுத்தாலே அதிகம். எடுத்ததும் சோறாகி, உடலில் யூரியாவாகி, சாக்கடைக்கு வருகிறது. அங்கே அதைக் காற்றுக்குத் திருப்பி அனுப்ப இன்னொரு முறை ஆற்றல் செலவாகிறது. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 4.6 கிலோ ஆக்சிஜன் தேவை; அதற்காகக் காற்றூதிகள் இரவும் பகலும் ஓடவேண்டும்.

இந்த விரயத்தை முன்பே கண்டவர் கில்பர்ட் ஃபௌலர். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட, இன்று உலகெங்கும் வழங்கும் ‘கிளர்வூட்டிய சேற்று’ முறைக்கு வித்திட்டவர் அவர். 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, அந்தச் சேற்றை உரமாக நிலத்துக்குத் திருப்புவதிலேயே கருத்தூன்றினார். 1934இல் அவர் எழுதிய நூலின் பொருள் நைட்ரஜனைக் காப்பது, அகற்றுவது அன்று.

பின்வந்தவர்கள் அவருடைய தொட்டியை எடுத்துக்கொண்டார்கள், நோக்கத்தை விட்டுவிட்டார்கள். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி நிலையங்கள் கழிவுச் சேற்றின் மீத்தேனிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அது கரிமத்தின் ஆற்றல். நைட்ரஜன் அங்கும் செலவுக் கணக்கில்தான் நிற்கிறது.

அதை வரவில் வைக்க முயன்றது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு. ராக்கெட் எரிபொருளில் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடே வழியைக் காட்டியது. அம்மோனியாவை நைட்ரைட் நிலையில் நிறுத்தி, பின் நைட்ரஸ் ஆக்சைடாக்கி, மீத்தேனோடு எரிப்பது அம்முறை. ஒரு மோல் மீத்தேன் ஆக்சிஜனில் எரிந்தால் 890 கிலோஜூல். நைட்ரஸ் ஆக்சைடில் எரிந்தால் சுமார் 1,219. நைட்ரேட் வரை போகாததால் ஆக்சிஜன் தேவையிலும் கால் பங்கு மிச்சம். அந்த வாயு தப்பிவிட்டால் ஆபத்து உண்டு: புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல் 270 மடங்குக்கும் மேல் வலிமையானது.

கணக்கை இன்னும் ஒருபடி நீட்டலாம். நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாகத் தருவது ஒரு கிலோ நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 3 மெகாஜூல். அதே ஒரு கிலோவைக் காற்றிலிருந்து பிடிக்க இன்றைய சிறந்த ஆலையும் 30 மெகாஜூலுக்கு மேல் செலவிடுகிறது. உத்யோகமண்டலின் விறகடுப்பு இன்னும் எவ்வளவோ கூடுதலாக விழுங்கியிருக்கும். பத்தில் ஒரு பங்குகூடத் திரும்புவதில்லை. சிறுநீரின் யூரியா அப்படியே ஒரு பாலக்காட்டு வயலுக்குப் போய்ச் சேருமானால், அந்த 30 மெகாஜூலைச் செலவிடும் தேவையே எழாது. ஃபௌலர் கணக்குப் போட்டது அந்தப் பக்கத்திலிருந்துதான்.