வெளிவாரிப் பட்டமும் ஊவாத் தோட்டங்களும்

இலங்கையின் உயர்கல்வி வரலாற்றை எழுதுவோர் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றமையிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆயின் அதற்கு முன்னரே இத்தீவின் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரிகளாய் விளங்கினர். அவருட் பலர் இலண்டன் நகரைக் கண்ணாற் கண்டவரல்லர். 1858 ஆம் ஆண்டுப் பட்டயம் கல்லூரியிற் பயின்றிருக்க வேண்டுமென்ற நிபந்தனையை நீக்கிப் பரீட்சையைத் திறந்துவிட்டது. (பெண்களுக்கு அவ்வாய்ப்பு 1878 இலேயே கிட்டியது.) கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மாணவரை இலண்டன் பரீட்சைக்கே ஆயத்தஞ் செய்தது.

இப்பட்டத்தை நாடியோரை மேனாட்டு மோகங் கொண்டோர் எனப் பழிப்பது எளிது. அஃது அத்துணைப் பொருத்தமன்று. ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ பகலில் உழைத்து, இரவிற் படித்துப் பட்டம் பெற விரும்பியவனுக்கு அதுவே வழியாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது நற்பயன் தந்தது. மிசனரிமார் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலப் பாடசாலைகளை நிறுவியிருந்தனர்.

ஊவாவின் நிலை வேறு. 1924 இல் புகைவண்டி பதுளையை எட்டியது. ஆங்கிலக் கல்வியோ நகரத்தோடு நின்றுவிட்டது. பசறையிலும் தெமோதரையிலும் லயங்களில் வளர்ந்த பிள்ளைக்குக் கிட்டியது தோட்டப் பாடசாலையே. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் கடமையை 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. துரைமார் அதற்கு மேற் செல்ல விரும்பவில்லை. படித்த பிள்ளை கொழுந்து பறிக்க வராது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பெரும்பாலான பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. எந்த ஊரான் என்று வினவாத இலண்டன் பரீட்சை, ஆங்கிலம் அறிவாயா என்று வினவியது. அந்த ஒரு வினாவிலேயே தோட்டத்து மாணவன் விலக்கப்பட்டான்.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. இலண்டன் பிரசாவுரிமைச் சான்று கோரவில்லை. அரசாங்கப் பதவி கோரியது. எனவே நாடற்ற ஒருவர் அரிதின் முயன்று பட்டம் ஈட்டினும் அரச சேவையின் கதவு திறந்திராது. பட்டத்தின் மதிப்போ பெரும்பாலும் அச்சேவையையே சார்ந்திருந்தது!

தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தமை 1970களின் பிற்பகுதியிலாகும். அப்பத்தாண்டின் மாவட்ட ஒதுக்கீடு பதுளைக்கு இடங்களைத் தந்தது. எனினும் அவ்விடங்களுக்குத் தோட்டப் பிள்ளை நகரப் பிள்ளையோடு போட்டியிட நேர்ந்தது.

இன்று கொழும்பின் தனியார் நிறுவனங்கள் அந்நியப் பல்கலைக்கழகப் பட்டங்களை உள்ளூரிலேயே வழங்குகின்றன. அவற்றின் கட்டணம் நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாதது. பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் கட்டணத் தடை இல்லை. ஆயின் அங்கும் போதனாமொழி ஆங்கிலமே. தோட்டப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர் நியமனம் பற்றி நம்மவர் இன்னும் உரக்கப் பேசவில்லை.