பெயரும் விளியும்: பொருநைக்கரை முஸ்லிம்களின் பெயர் வழக்குகள்

திருநெல்வேலி என்னும் பெயரை நெல்லை எனச் சுருக்கி அழைப்பதில் இழிவு ஏதும் இருப்பதாக அவ்வூரார் எவரும் கருதியதில்லை. தஞ்சாவூர் தஞ்சையானதும் கோயம்புத்தூர் கோவையானதும் இவ்வாறே. இத்தகைய சொற்களை நன்னூலார் மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கின் மூன்று பகுதிகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டார். மக்கள் நாவில் தேய்ந்து திரிந்த சொல் பிழையன்று, அதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்பது இதனால் பெறப்படும். ஊர்ப்பெயருக்குக் கிடைத்த இந்த இடம் ஆட்பெயருக்கும், குறிப்பாக அரபு மொழியிலிருந்து வந்த ஆட்பெயருக்கும் உண்டா என்பதே நாம் இங்கு ஆராய விழைவது. இது வெறும் இலக்கண வினா அன்று என்பது போகப் போகத் தெளிவாகும்.

தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் பாயும் நிலப்பகுதியில், மலையடிவாரத்துப் பொட்டல்புதூர், கடையநல்லூர் முதல் மேலப்பாளையம், பேட்டை வழியாகக் கடலோரக் காயல்பட்டினம் வரை முஸ்லிம் ஊர்கள் பல உள. இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாக மிகுதியும் வழங்கிவரும் பெயர்களுள் முகைதீன் என்பது ஒன்று. பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரால் அமைந்துள்ள தர்காவுக்குப் பிற சமயத்தாரும் வந்து செல்வதை நாம் அறிவோம். கி.பி. 1166இல் பக்தாதில் மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி அவர்களையே அப்பெயர் குறிக்கிறது. ஆனால் முஹ்யித்தீன் என்பது அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்னும் பொருளில் உலகம் சூட்டிய சிறப்புப் பெயர். ஒருவருக்கு வாய்த்த பட்டம் பிற்காலத்தார் பல்லாயிரவருக்கு இயற்பெயராயிற்று. காதர் முகைதீன் என்று தம் பிள்ளைக்குப் பெயரிடும் ஒருவர், ஒரே பெரியாரின் இயற்பெயரையும் பட்டப்பெயரையும் இணைத்து இடுகிறார். ஆக, நம்மவருக்குப் பட்டப்பெயர் என்பதே தாழ்வான பொருளாக இருந்ததில்லை.

முஹ்யித்தீன் என்னும் இச்சொல் ஆற்றங்கரைக்கு வந்தபின் முகைதீன், மொகிதீன், மொய்தீன், மைதீன் எனப் பல வடிவங்கள் கொண்டது. பாத்திமா என்பது பாத்துமா, பாத்துமுத்து, பாத்து என்று குறுகியது. (பாத்து என்று அழைக்கப்பட்ட சிறுமியருக்கு, கால் இடறப் போகிறவரை எச்சரிக்கும் சொல்லும் அதுவே என்பதை உடன் படித்த பிள்ளைகள் நினைவூட்டாமல் விட்டிருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.) சாகுல் ஹமீது, மீரான், நாச்சியார், பீவி, தம்பி, பிச்சை, முத்து என அரபும் பாரசீகமும் தமிழும் ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து அமர்ந்தன. கோட்டாற்றுப் பக்கம் பிறந்து சதாவதானியாய்ப் புகழ் பெற்றவரின் பெயரே செய்குத்தம்பி. அதில் பாதி அரபு, பாதி தமிழ். எது எங்கே முடிகிறது என்று அவரை அழைத்தவர் எவரும் நின்று பார்த்ததில்லை.

இத்திரிபுகளை அறியாமையின் விளைவு என்று ஒதுக்குவோர் இன்று உளர். அவர்கள் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, இப்பகுதியின் ஆலிம்கள் அரபு ஒலிகளை அறியாதவர்கள் அல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறையில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புதிய குறியீடுகளை அமைத்துக்கொண்டு நூல்கள் எழுதியவர்கள் அவர்கள். அவ்வெழுத்தில் ஒருவரின் பெயர் அரபு வடிவம் குன்றாமல் நின்றது. அதே பெயர் தமிழ் எழுத்தில் தமிழ் ஓசைக்கு இசைந்து நின்றது. ஒரே மனிதர் இரண்டு எழுத்துகளில் இரண்டு உருவம் கொண்டிருந்தார். அதனால் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை. இரண்டாவது, வடசொல்லைத் தமிழில் ஆளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த ஆளவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நம் புலவர்கள் அந்நெறியை அரபுச் சொல்லுக்கும் விரித்தனர். சீறாப்புராணம் பாடியவர் தம் பெயரை உமறு என்றே வழங்கினார். ஈற்றில் வந்த அந்த உகரம், கலீபாவின் பெயரைத் தமிழ்ச் சீருக்குள் அமர்த்துவதற்குக் கொடுத்த இருக்கை.

அவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கீழக்கரை வள்ளலின் பெயர் இன்னும் வியப்புக்குரியது. ஷைகு அப்துல் காதிர் என்னும் மூன்று சொற்கள் தமிழர் நாவில் உருண்டு சீதக்காதி என ஒரே சொல்லாயின. இன்று பள்ளிப் பாடநூலில் அப்பெயரைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அதனுள் ஓர் அப்துல் காதிர் இருப்பதை உணர்வர்? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் வழக்கு, அரபு வடிவம் அப்படியே நின்றிருந்தால் அந்த மோனையோடு பிறந்திருக்க வழியில்லை. மரூஉவே அவரை மக்கள் உடைமையாக்கியது.

இனி அரபு மொழியின் பக்கம் நோக்குவோம். விளிக்கும்போது பெயரின் ஈற்றைக் குறைத்து அழைப்பதை அரபு இலக்கணத்தார் தர்கீம் என்பர். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஜிப்ரீல் (அலை) ஸலாம் கூறியதைத் தம் துணைவியாருக்கு அறிவித்தபோது ஆயிஷா என்று முழுமையாக விளிக்காமல் ஆயிஷ் என்று குறுக்கி விளித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பூனைக்குட்டியோடு தொடர்புடைய செல்லப்பெயரால் அறியப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்களை அபாஹிர் என்று இன்னும் சுருக்கி அழைத்ததும் உண்டு. தமிழின் மரூஉவும் அரபின் தர்கீமும் முற்றிலும் ஒன்றே என்று நாம் சொல்லவரவில்லை. முன்னது காலத்தால் தேய்வது. பின்னது அழைக்கும் கணத்தில் நேர்வது. எனினும் அன்பினால் பெயர் குறுகும் என்பதை இரு மொழியாரும் ஒப்புக்கொண்டு அதற்கு இலக்கணமும் வகுத்தனர். மைதீன் என்றும் பாத்து என்றும் அழைத்த நம் பாட்டிமார் தாம் அறியாமலே இரண்டு இலக்கணங்களுக்கும் கீழ்ப்படிந்தவர்கள்.

எல்லாக் குறுக்கமும் ஒக்கும் என்பதன்று. அப்துல் ரஹ்மானை ரஹ்மான் என்று மட்டும் அழைக்கும்போது, அடியான் என்னும் சொல் உதிர்ந்து இறைவனுக்கே உரிய திருநாமம் மனிதன் மேல் ஏறுகிறது. ஆலிம்கள் இதனைக் கண்டிப்பது முறையே. மறுபுறம் அப்துல் என்று மட்டும் அழைத்தால் யாருடைய அடியான் என்பது சொல்லப்படாமல் பெயர் அந்தரத்தில் நிற்கிறது. அலுவலகங்களில் இன்று மிகுதியும் கேட்பது இந்த இரண்டாவது குறையே.

பெயரில் உண்மையான தீங்கு எங்கே தொடங்குகிறது என்பதை அருள்மறை தெளிவாக்குகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஒருவரையொருவர் தீய பட்டப்பெயர்களால் அழைத்தலைத் தடுக்கிறது. அது இறங்கிய சூழல் நம் பொருளுக்கு நேரே உரியது. மதீனாவின் பனூ ஸலிமா குலத்தார் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபிகளார் ஒருவரை அவற்றுள் ஒன்றால் அழைத்தபோது, அப்பெயரைக் கேட்டால் அவர் வருந்துவார் என்று உடனிருந்தோர் தெரிவித்தனர். பெயரின் சொற்பொருளோ வடிவமோ அங்கே அளவுகோலாகவில்லை. அழைக்கப்படுபவரின் மனமே அளவுகோல்.

இதனை அலி (ரலி) அவர்களின் வரலாறு உறுதி செய்கிறது. பள்ளிவாசல் தரையில் முதுகில் மண் படியப் படுத்திருந்த அவர்களை, மண்ணின் தந்தையே எழுந்திரும் என்னும் பொருள்பட அபூதுராப் என்று நபிகளார் எழுப்பினார்கள். பின்னொரு காலத்தில் மதீனாவின் ஆளுநராய் இருந்த உமையா வழியினர் ஒருவர், அலி (ரலி) அவர்களை இழித்துரைக்கும் நோக்கில் அந்தப் பெயரையே சொல்லுமாறு ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களை ஏவினார். ஸஹ்ல் நகைத்தார். அலீக்கு அதனினும் இனிய பெயர் வேறில்லை என்று விடையிறுத்தார். ஒரே சொல் ஒரு வாயில் வசையாகவும் மற்றொரு வாயில் அணியாகவும் இருந்திருக்கிறது.

நெல்லைப் பேட்டையில் 1896ஆம் ஆண்டு பிறந்த முகம்மது இஸ்மாயில் அவர்களை மக்கள் காயிதே மில்லத் என்றனர். சமுதாயத்தின் தலைவர் என்னும் அப்பட்டம் நாளடைவில் இயற்பெயரை முற்றிலும் மறைத்துவிட்டது. சென்னை அரசு மகளிர் கல்லூரியும் அப்பட்டத்தையே தாங்கி நிற்கிறது. அன்பின் மிகுதியால் இயற்பெயர் இழக்கப்படுவதும் ஒருவகை இழப்பே என்பது நம் கருத்து.

ஆனால் இதே ஆற்றுப்படுகையில், பெயரால் காயப்பட்டவர்களின் வரலாறும் உண்டு. சிற்றாற்றுப் பகுதியில் பண்பொழிக்கு அருகேயுள்ள மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரி 19 அன்று தாழ்த்தப்பட்ட மக்கள் பல நூற்றுவர் இஸ்லாத்தைத் தழுவினர். நாடெங்கும் எழுந்த விவாதம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியும் வெளிநாட்டைப் பற்றியுமே பேசியது. அம்மக்கள் செய்தியாளரிடமும் ஆய்வாளரிடமும் எடுத்துரைத்தவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொல்லோ மரியாதை. நரைத்த தலையினரைச் சிறு பிள்ளைகள் ஒருமையில் ஏவி அழைத்த ஊர்கள் அவை. பெற்றோர் இட்ட பெயர் இருந்தும், அதனோடு ஆர் விகுதி சேர்த்து அழைப்பாரில்லை. புதுப்பெயர் ஏற்றபின் பாய் என்னும் ஒரு சொல் அவர்களைத் தெருவில் நிமிர்ந்து நடக்கச் செய்தது. ஊரையும் ரஹ்மத் நகர் என்று அவர்கள் அழைக்கத் தொடங்கினர். அரசுப் பதிவில் மீனாட்சிபுரம் என்பதே நிலைத்தது. பெயர் மாற்றத்தால் சாதியின் கொடுமை முழுதும் நீங்கியது என்று நாம் எழுதினால் அது மிகையாகும். எவ்வாறு அழைக்கப்படுகிறோம் என்பதற்காக மனிதர் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளத் துணிவர் என்பதற்கு இதனினும் வலிய சான்று நம் நாட்டு அண்மை வரலாற்றில் அரிது.

மீனாட்சிபுரத்தார் பெயர் மாற்றியது தம் விருப்பத்தால். அண்ணலார் காலத்திலும் இவ்வுரிமை பேணப்பட்டது. கரடுமுரடு எனப் பொருள்படும் ஹஸ்ன் என்னும் பெயருடையவரை ஸஹ்ல் என மாற்றிக்கொள்ளுமாறு நபிகளார் கூறியபோது, தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை பின்னும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னு முஸய்யப் கூறியதுண்டு. ஆயினும் அவர் மேல் புதுப்பெயர் திணிக்கப்படவில்லை.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் நம் பெயர்களை மாற்றியது விருப்பத்தினும் மிகுதியாகத் தாள்களே எனலாம். 1970களில் வளைகுடாப் பயணம் பெருகியபோது, குடும்பப்பெயர் என்று ஒன்றைக் கேட்ட கடவுச்சீட்டுப் படிவத்தில் தந்தையின் பெயர் இடம்பெற்றது. விளைவாக, பணியிடத்தில் மகன் பல்லாண்டுகள் தகப்பன் பெயராலேயே அழைக்கப்பட்டான். மற்றொரு புறம், திருத்தமான அரபு உச்சரிப்பின் மேல் எழுந்த ஆர்வத்தால் மைதீன்கள் முஹ்யித்தீன்கள் ஆயினர். பாத்துமுத்துகள் ஃபாத்திமாக்கள் ஆயினர். புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குத் திருத்தமாகப் பெயரிடுவதை நாம் வரவேற்கிறோம். பாட்டனாரின் பெயரைப் பின்னோக்கிச் சென்று திருத்துவது அதனின் வேறானது. கிரயப் பத்திரத்தில் மைதீன் பிச்சை, குடும்ப அட்டையில் முகைதீன் பிச்சை, பேரன் புதுப்பித்த மீஸான் கல்லில் முஹ்யித்தீன் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நிறுவுவது யார்?

இவ்வினா கற்பனையன்று. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ சுட்டிக்காட்டுமாறு மக்கள் கேட்கப்பட்டனர். வாப்பாவின் பெயரை வீட்டில் எழுதும் முறை ஒன்றாகவும் பழைய பட்டியலில் எழுத்தர் எழுதியது வேறொன்றாகவும் இருப்பது எத்தகைய கவலையைத் தரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பழைய வடிவங்களுக்கு மிக நம்பத்தக்க சான்று நம் கைவசமே உள்ளது. பள்ளிவாசல்களின் நிகாஹ் தப்தர்களில் மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள் ஆகியோரின் பெயர்கள், அந்நாளைய லெப்பைமார் கேட்டவாறே எழுதிவைத்த வடிவில் இருக்கின்றன. பல ஊர்களில் அவை அலமாரியின் அடித்தட்டில் கறையானுக்கும் ஈரத்துக்கும் நடுவே கிடக்கின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் அவற்றைப் படமெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். படியெடுத்து எழுதுவோரும் உமறு என்றிருப்பதை உமர் என்று மாற்றாமல், மைதீன் பாத்து என்றிருந்தால் மைதீன் பாத்து என்றே எழுதுவாராக.