யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா? மாயக்குரலைச் சமாளிப்பது எப்படி

பொம்மசந்திரா: அருகில் எவரும் இல்லாதபோதும் பெயர் சொல்லி அழைப்பதும், வசைபாடுவதும், கட்டளையிடுவதுமாகக் காதில் விழும் ஒலியே மாயக்குரல். மனச்சிதைவு நோயில் இது பரவலாகக் காணப்படினும், குரல் கேட்போர் அனைவரும் அந்நோயாளிகள் அல்லர். உறக்கம் பிடிக்கும் தருணத்திலும், நெருங்கியவரை இழந்த துயரிலும் நலமாக உள்ளவர்களுக்கும் கேட்பதுண்டு. கடும் மனச்சோர்வும், நாள்பட்ட மதுப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துவதும் காரணமாகலாம்.

குரல் என்ன பேசுகிறது என்பதில் பண்பாட்டுக்கும் பங்குண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவன மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மத்தேயோ ஆகிய இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசி, 2015-ல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்முறை பேசும், முகமறியாக் குரல்கள். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோர் உறவினர் குரலைக் கேட்டனர். வீட்டு வேலையைச் செய்யுமாறு அதட்டும் குரல்களும் அவற்றுள் இருந்தன. ஏறக்குறைய நம் வீட்டுப் பெரியவர்களின் அதட்டலேதான். ஆயினும் அவை அனைத்தும் இனியவை அல்ல; கூசவைக்கும் ஆபாசப் பேச்சைக் கேட்டோரும் உண்டு.

குரலை அடியோடு ஒழித்தால்தான் வாழ முடியும் என்பதில்லை. நெதர்லாந்து மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், 1987-ல் தம்மிடம் சிகிச்சை பெற்ற பெண்ணுடன் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். அதன்பின் தொடர்பு கொண்ட குரல் கேட்போர் சுமார் 450 பேரில், ஏறத்தாழ 150 பேர் தாங்களே சமாளித்து வருவதாகக் கூறினர். குரல் கேட்போர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது.

மெல்ல முணுமுணுத்துப் பாடுவது, வாய்விட்டு வாசிப்பது, இயர்போனில் பாட்டு கேட்பது ஆகியவை பலருக்குக் குரலைத் தணிக்கின்றன. பொது இடத்தில் குரலுக்குப் பதில் சொல்ல நேர்ந்தால், கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது எளிய உத்தி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எந்த நேரத்தில், எந்தச் சூழலில் குரல் எழுகிறது என்று குறித்து வைப்பதும் உதவும். தூக்கமின்மை குரலை வலுப்படுத்தும். எனவே, பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இரவுப் பணிக்குச் செல்வோர் பணிமாற்றம் குறித்து மருத்துவரிடம் பேசுவது நல்லது. குரல் அடங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

வீட்டார், "அப்படி எதுவும் கேட்கவில்லை" என்று வாதிடுவதில் பயனில்லை. கேட்பவருக்கு அது உண்மையான ஒலியே. என்ன சொல்கிறது, அச்சமாக இருக்கிறதா என்று வினவுவதே முதல் உதவி.

தன்னையோ பிறரையோ தாக்குமாறு குரல் கட்டளையிட்டால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பொம்மசந்திரா செல்லும் அதே ஒசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலும் பேசலாம்.