உழவில் பிறந்த ஒரு சொல்

'கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 164 வரையறைகளைத் தேடிச் சேர்த்து 1952இல் ஒரு புத்தகமாகவே போட்டார்கள் குரோபர், கிளக்ஹான் என்ற இரண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள். ஆங்கிலத்தின் மிகச் சிக்கலான சொற்களில் இதையும் ஒன்றாகக் கருதினார், 1976இல் சொற்களைப் பற்றியே ஒரு நூல் எழுதிய ரேமண்ட் வில்லியம்ஸ். நம்மிடையே இப்படி ஒரு சிக்கல் இருப்பதாகவே தெரியவில்லை. பண்பாடு என்றோ கலாச்சாரம் என்றோ கைக்கு வந்ததைப் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம்.

மூலம் லத்தீனின் 'கொலேரெ'. உழுவது, குடியிருப்பது, வழிபடுவது மூன்றுக்கும் அது ஒரே வினை. காலனி என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். நிலத்தில் கிடந்த சொல்லை மனசுக்குக் கொண்டுவந்தவர் சிஸரோ, கி.மு. 45இல், தத்துவத்தை மனதின் உழவாகப் பார்த்தார். ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இது ஒரு செய்கையைக் குறித்த சொல்தான்: எதையாவது வளர்ப்பது. இன்றும் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'யூரின் கல்ச்சர்' என்று எழுதும்போது இருப்பது இந்தப் பழைய பொருள்தான், கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அந்த 'எதை' உதிர்ந்துபோய், சொல் தன்னந்தனியாக நிற்கத் தொடங்கியது 18, 19ஆம் நூற்றாண்டுகளில்.

கோளாறு அதற்கப்புறம்தான். 1869இல் மாத்யூ ஆர்னால்டின் 'கல்ச்சரும் அராஜகமும்' வருகிறது. அவருக்கு அது முயன்று அடையவேண்டிய பூரணத்துவம். ஆகவே சிலரிடம் இருக்கும், பலரிடம் இராது. இரண்டே வருஷம் கழித்து, 1871இல், எட்வர்ட் டைலர் அதே சொல்லுக்குள் மனிதன் தன் சமூகத்திடமிருந்து பெறுகிற அனைத்தையும் அடக்கிவிட்டார். டைலர் கணக்கில் அது இல்லாத மனிதன் கிடையாது. (அவரும் ஜனங்களைப் படிகளில் ஏற்றியும் இறக்கியும் நிறுத்தியவர்தான், அது வேறு விஷயம்.) முதலாவது மதிப்பீடு, இரண்டாவது விவரணை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் சுமந்துகொண்டிருக்கிறது.

வங்காளத்தில் இதை உழவோடு சேர்த்தே பெயர்த்து 'கிருஷ்டி' என்றார்கள். தாகூருக்கு அது சகிக்கவில்லை. சுநீதி குமார் சாட்டர்ஜி மராத்தி நண்பர் ஒருவரிடம் கேட்டுவந்த 'ஸம்ஸ்கிருதி' அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஏர் போயிற்று, செம்மை செய்யப்பட்டது என்ற அர்த்தம் வந்தது. சேற்றைக் கழுவிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

'பண்பாடு' டி.கே.சி. ஆக்கித் தந்தது என்று வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். கலித்தொகையில் பண்பும் பாடும் அடுத்தடுத்து நிற்பதைக் காட்டி இதற்குச் சங்கப் பழமை தேடுகிறவர்கள் உண்டு. வேர்கள் பழையவை, அர்த்தம் புதிது. நிலத்தைப் பண்படுத்துவது என்று ஒரு வழக்கு நம்மிடம் இருப்பதால் ஏர் இங்கே எப்படியோ தப்பிவிட்டது. ஆனால் பண்பு நற்குணத்தையும் குறிப்பதால் சொல் முழுக்க ஆர்னால்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. பண்பாடற்றவன் என்றால் நமக்கு அது வசவு. டைலரின் அர்த்தத்தில் அப்படி ஒருவன் இருக்கவே முடியாது.

கலாச்சாரத்தின் கதை இன்னும் மோசம். பாதி கலை, பாதி ஆசாரம். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்றெல்லாம் இங்கே தீர்மானித்தது ஆசாரம். நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது என்று ஒரு கதையையோ சினிமாவையோ மறிக்கும்போது பேசுவது இந்தப் பின்பாதி. விவரிக்க வந்த சொல்லைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உத்தரவு போடுகிறது.

டைலரின் அர்த்தத்தில் நாம் பேச முற்பட்டபோது என்ன ஆயிற்று என்றும் பார்க்கவேண்டும். பறையும் ஒப்பாரியும் உள்ளே வர 'நாட்டார்' என்று ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. சபாக் கச்சேரிக்கு அப்படி எதுவும் வேண்டியிருக்கவில்லை.