நைரோபியின் மட்டாட்டு வரைபடம்: பொது அறிவும் அதன் உடைமையும்

வரைபடங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசினதும் படையினதும் நில அளவைத் திணைக்களங்களினதும் வரலாற்றையே எழுதியுள்ளனர். இது வியப்புக்குரியதன்று. நிலத்தை அளந்தவர்கள் அதனை ஆண்டவர்களே. ஆனால் 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மப்’ என்னும் முயற்சி இம்மரபுக்குப் புறம்பானது. ஊதியம் பெறாத தொண்டர்கள் தாம் நடமாடும் வீதிகளைத் தாமே படமாக்கி, யாவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்தனர். இச்செயன்முறை, குடியேற்றவாத ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒரு நகரைச் சென்றடைந்தபோது எத்தகைய முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்தது என்பதைக் கென்யாவின் தலைநகராகிய நைரோபியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நைரோபி 1899 இல் புகையிரதப் பாதையின் ஒரு தங்குமிடமாகத் தோன்றியது. ஐரோப்பியர், ஆசியர், ஆபிரிக்கர் என இனவாரியாகக் குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. ஆட்சியாளருக்கு ஆபிரிக்கரின் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்கள் நகரத்தவராவது வேண்டியிருக்கவில்லை. 1934 இல் லண்டன் கொம்பனியொன்று பஸ் சேவையைத் தொடங்கிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1966 இல், மாநகரசபை அதில் 25 சதவீதப் பங்கைப் பெற்று ஏகபோக உரிமையை உறுதிப்படுத்தியது. ஆட்சி மாறிற்று, பஸ் சேவையின் அமைப்பு மாறவில்லை. அச்சேவை எட்டாத தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து மக்களை ஏற்றிவரப் பழைய வாகனங்கள் களவாக ஓடலாயின. ‘மட்டாட்டு’ என்னும் பெயர், சுவாகிலி மொழியில் மூன்று எனப் பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்தது. மூன்று பத்துச்சதக் குற்றிகளே கட்டணமாக இருந்தமை அதன் காரணம் என்பர். 1973 இல் ஜனாதிபதி கென்யாட்டா இவற்றைச் சட்டபூர்வமாக்கினார். பின்னர் இவையே நகரின் பிரதான போக்குவரத்தாயின.

ஆயினும் அப்போக்குவரத்துக்கு நெடுங்காலம் பொதுவான வரைபடம் எதுவும் இருக்கவில்லை. வெளிநாட்டு ஆலோசகர்கள் திட்டமிடலுக்கெனத் திரட்டிய தரவுகள் அவர்தம் அறிக்கைகளுள் அடங்கிப் போயின. எந்த இலக்க வாகனம் எங்கு திரும்பும், மழை பெய்தால் எவ்வழியே விலகிச் செல்லும் என்பன நடத்துநரின் நாவிலும் பயணியின் நினைவிலும் மட்டுமே வாழ்ந்தன. வாய்மொழி இலக்கியம் பயில்வோருக்கு இந்நிலை புதிதன்று. ஏட்டில் ஏறாமையால் ஓர் அறிவு இல்லாததாகிவிடுவதில்லை. ஆனால் ஏட்டை வைத்திருப்போர் அதனை இல்லாததாகவே கணிப்பர்.

கிபேரா இதற்குத் தக்க சான்றாகும். நூபியப் படைவீரருக்குக் குடியேற்ற அரசு ஒதுக்கிய நிலத்தில் வளர்ந்து, ஆபிரிக்காவின் பெரிய சேரிகளுள் ஒன்றாகிய அப்பகுதி, உத்தியோகபூர்வ வரைபடங்களில் வெற்றிடமாகவே விடப்பட்டிருந்தது; சிலவற்றில் காடாகக் காட்டப்பட்டிருந்தது. 2009 இல் அங்கு வாழும் இளைஞர்கள் செய்மதி வழிகாட்டிக் கருவிகளுடன் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து நீர்க்குழாய்கள், மலசலகூடங்கள், பாடசாலைகள், மருந்தகங்கள் ஆகியவற்றைக் குறித்தனர்.

மட்டாட்டுப் பாதைகள் படமாக்கப்பட்டது இதன் அடுத்த கட்டமாகும். 2012 முதல் நைரோபிப் பல்கலைக்கழகம், கொலம்பியாப் பல்கலைக்கழகம், மாசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சிறு வடிவமைப்புக் குழுவொன்றுடன் இணைந்து இப்பணியை மேற்கொண்டனர். நைரோபி மாணவர்கள் கைத்தொலைபேசியுடன் வாகனங்களில் ஏறி, ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் அமைவிடத்தையும் அங்கு அறிவிப்புப் பலகை உண்டா என்பதையும் பதிந்தனர். இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. தரவுகளைப் பதிவதற்கென வழக்கிலிருந்த வடிவம், 2005 இல் ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகிள் கொம்பனியும் சேர்ந்து உருவாக்கியது. அது நேரசூசியையும் நிலையான தரிப்பிடத்தையும் முற்கோளாகக் கொண்டது. மட்டாட்டு நிரம்பினாற் புறப்படும், கைகாட்டினால் நிற்கும். எனவே வடிவத்தையே நெகிழ்த்த வேண்டியதாயிற்று. ஒழுங்கு என்று நாம் கருதுவது எந்த நகரத்தின் ஒழுங்கு என்னும் வினா இத்தொழினுட்ப விவரத்துள் பொதிந்திருப்பது நோக்கற்பாலது.

130 க்கும் மேற்பட்ட பாதைகள் பதிவாயின. 2014 ஜனவரியில் அவை நிறம் வேறுபட்ட கோடுகளாகக் காகித வரைபடமாக வெளியிடப்பட்டன. நகர நிர்வாகமும் அதனை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ எல்லாக் கோடுகளும் நகர மையத்திற் சென்று முட்டுவதையும், புறநகரிலிருந்து புறநகருக்கு நேரே செல்லும் வழிகள் அரிதாயிருப்பதையும் யாவரும் ஒரே பார்வையிற் கண்டனர். தனித்தனிச் சாரதிகள் அறிந்திருந்தது, ஒரு நகரம் தன்னைப்பற்றி அறிந்ததாக மாறிய கணம் அது எனலாம்.

அவ்வறிவு யாருடையது? இம்முயற்சிக்கு நிதியளித்தது ரொக்பெல்லர் மன்றம். 2015 ஓகஸ்டில் இப்பாதைகள் கூகிளின் வரைபடத்தில் இடம்பெற்றன. மக்கள் அறிவு உலகரங்கு ஏறியதாக மகிழ்வோர் உளர். ஏகாதிபத்தியத்தின் புதிய தரவுக் கொள்ளை என்று முற்றாக நிராகரிப்போரும் உளர். இரு நோக்குகளும் ஒருபக்கச் சார்பானவை. திறந்த தரவை உள்ளூர் நிரலாளரும் பயன்படுத்திப் பயணிகளுக்கான செயலிகளை ஆக்கினர் என்பது உண்மை. பொதுவில் வைக்கப்பட்ட ஒன்றை மூலதனம் மிகுந்தவன் மற்றையோரினும் பன்மடங்கு பயன்கொள்கிறான் என்பதும் உண்மை. யாவருக்கும் திறந்த கதவினூடே யாவரும் சம பலத்துடன் நுழைவதில்லை. அன்றியும், பாதைகள் மாறிக்கொண்டேயிருக்கும் நகரில் இத்தகைய வரைபடம் விரைவிற் பழையதாகிவிடும். முதன்முறை படமாக்குவதற்கு ஆர்வமும் நிதியும் கிடைத்தல் எளிது. ஆண்டுதோறும் திருத்தும் உழைப்புக்கு யார் ஊதியம் கொடுப்பது என்பதே கடினமான வினா.

இதனினும் அடிப்படையான குறையொன்றுண்டு. போக்குவரத்துத் தொழில் விற்பது இடப்பெயர்ச்சியையே என்றும், அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படுகிறது என்றும் ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியுள்ளார். அவ்வுற்பத்தியை நிகழ்த்தும் சாரதியும் நடத்துநரும் வரைபடத்தில் இல்லை. அவர்கள் நாள்தோறும் வாகன உரிமையாளருக்குக் குறித்த தொகையொன்றைக் கட்டவேண்டும். எரிபொருட் செலவும் பொலிசாருக்கான கையூட்டும் போக எஞ்சுவதே அவர்களது வருமானம். கண்மூடித்தனமான வேகமும் ஆட்களை அடைந்து ஏற்றுதலும் இவ்வுறவின் விளைவுகளே. 2004 இல் அமைச்சர் மிச்சுக்கி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் ஆசனப் பட்டியையும் கட்டாயமாக்கினார். 2010 இல் வாகன உரிமையாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இணைய வேண்டுமென விதிக்கப்பட்டது. நாட்தொகை முறையோ நீடித்தது. கோடு வாகனம் செல்லும் வழியைக் காட்டும். வாகனம் ஏன் அவ்வாறு ஓடுகிறது என்பதைக் காட்டாது.

படத்தில் இடம்பெறுதல் தன்னளவிற் பாதுகாப்பும் அன்று. நொங் வீதியையும் லங்காட்டா வீதியையும் இணைக்கும் புதிய வீதி கிபேராவினூடே திட்டமிடப்பட்டபோது, மீள்குடியேற்றத் திட்டம் நிறைவுறும்வரை வீடுகள் இடிக்கப்படமாட்டா என நகர வீதி அதிகாரசபைக்கும் மனித உரிமை ஆணைக்குழுவுக்குமிடையே உடன்பாடு காணப்பட்டிருந்தது. அதனை மீறி 2018 ஜூலை 23 ஆம் நாள் காலையில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. ஏறத்தாழ 30,000 பேர் வீடிழந்தனர். பாடசாலைகளும் இடிபட்டன. கிபேராவின் பாடசாலைகளைத் தொண்டர்கள் படமாக்கத் தொடங்கி அப்போது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.