ஜாவாவின் கிளட்ச்: எழுதப்படாத ஒரு பட்டறை வரலாறு

கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூரோ 900 மீட்டரை நெருங்குகிறது. இடைப்பட்ட ஐம்பது கிலோமீட்டரில், சூளகிரியை ஒட்டிய ஏற்றம் பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு ஒரு தேர்வுக்களம். எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்றால், கிளட்ச் நழுவுகிறது என்று பொருள்.

1929இல் செக் நாட்டு யானெச்செக், ஜெர்மானிய வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். இரு பெயர்களின் முதலெழுத்துகள் இணைந்து 'ஜாவா' ஆயிற்று. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை எழுந்தது. எழுபதுகளில் பெயர் 'யெஸ்டி' என மாறியது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியின் 100 சி.சி. வண்டிகள் வரத் தொடங்கின. எரிபொருள் சிக்கனம் விரும்பிய காலத்தில் 250 சி.சி. இருவீச்சு எஞ்சின் பின்தங்கியது. மாசு விதிகளும் இறுகின. 1996இல் மைசூர் ஆலை மூடப்பட்டது.

ஜாவாவின் தனிச்சிறப்பு அதன் கிளட்சில் உள்ளது. 1946இன் பெராக் மாதிரியிலேயே வந்த ஏற்பாடு இது: கியர் நெம்புகோலைக் காலால் அசைத்தாலே உள்ளிருக்கும் ஒரு பாகம் தள்ளுகம்பியை நகர்த்திக் கிளட்சை விடுவிக்கும், கைப்பிடியை அழுத்த வேண்டியதில்லை. எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் தட்டுகளில் உராய்வுப் பொருளாகத் தக்கை பயன்பட்டது. எண்ணெயிலும் பற்றும் இயல்புடைய தக்கை, நழுவிச் சூடேறினால் கருகிவிடும்.

ஆகவே நோயறிவதில் வரிசை முக்கியம். முதலில் கேபிளின் தளர்வைப் பார்க்க வேண்டும். கைப்பிடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தளர்வு இல்லையெனில் கிளட்ச் எப்போதும் சற்றே விடுபட்ட நிலையில் நிற்கும்; நல்ல தட்டும் நழுவும். அடுத்தது, காலால் இயங்கும் ஏற்பாட்டின் திருகமைப்பு. அது இறுக்கமாயிருந்தாலும் அதே குறிதான். மூன்றாவது எண்ணெய். கார் எஞ்சினுக்கென உராய்வு குறைக்கும் கலவை சேர்த்த எண்ணெயை ஊற்றினால் நழுவல் வரும். இம்மூன்றும் சரியாயிருந்தும் நழுவினால் மட்டுமே மூடியைக் கழற்ற வேண்டும்.

கழற்றியபின் சுருள்வில்களின் நீளத்தை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், குறுகியவை தளர்ந்தவை. எஃகுத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகைமீது வைத்தால் வளைவு தெரியும். தட்டுகளின் காதுகள் பொருந்தும் கூடையின் பள்ளங்களில் படிபோல் தேய்வு இருந்தால் தட்டு சிக்கும்; அதனால் கிளட்ச் முழுதும் விடுபடாது, நிறுத்தத்தில் நியூட்ரல் விழாது. இது நழுவலுக்கு நேரெதிரான நோய். சிறு தேய்வை அரத்தால் சமன்செய்யலாம். ஆழமானால் கூடையையே மாற்ற வேண்டும். புதிய தக்கைத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துவது முறை.

இந்த வரிசைக்கு ஒரு வரலாற்று நியாயமும் உண்டு. ஆலை மூடியபின் அசல் உதிரிபாகம் தர அந்நிறுவனம் இல்லை. 2018இல் ஜாவாவும் 2022இல் யெஸ்டியும் பெயரளவில் மீண்டன. நான்குவீச்சு எஞ்சின் கொண்ட அவ்வண்டிகளின் பாகங்கள் பழையவற்றுக்குப் பொருந்தா. கேபிளைத் திருகித் தீர்க்க வேண்டிய குறைக்காக அசல் தட்டுகளைத் தூக்கி எறிந்தால், மைசூர் ஆலையின் கைவேலையில் ஒரு பகுதி மீளாது அழிகிறது.

கரையான் தின்ற ஏட்டைத் தேடி ஊர் ஊராகச் சென்று பதிப்பித்த மரபு நமக்கு உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியின் பட்டறை அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இருவீச்சு வண்டிகளோடு வளர்ந்த மெக்கானிக்குகள் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் காதால் கேட்டறியும் நழுவலையும், விரலால் அளக்கும் தளர்வையும், அவர்கள் சொல்லும் சொற்களிலேயே நாம் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.