குளிரில்லா ஊரில் குளிர்காலப் பண்டிகை

பிரிக்பீல்ட்ஸில் பெரியவர்களுக்கான மாலைநேர ஆங்கில வகுப்பொன்றில் சில காலம் கற்பித்தேன். ஒருநாள் 'குளிர்காலப் பண்டிகைகள்' என்னும் பாடம். கிள்ளானிலிருந்து இரயிலேறி வரும் அம்மா ஒருவர் பனிமனிதன் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ப பொங்கல் இதில இல்லையே?" என்றார்.

அன்று என்னிடம் விடையில்லை. வீடு திரும்பித் தேடினேன்.

டிசம்பர் 21 அல்லது 22, வடகோளத்தின் மிகக் குறுகிய பகல். பழைய உரோம வழக்கில் அது டிசம்பர் 25; கிறிஸ்து பிறப்பு விழா அத்தேதியில் அமைந்தமைக்கு 354-ஆம் ஆண்டின் உரோமத் தொகுப்பொன்று சான்று. சீனர்கள் அந்தக் குறும்பகல் நாளில் தாங் யுவான் உருண்டை உண்கின்றனர். தை முதல் நாளும் சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன், கதிரவன் வடக்கே திரும்பும் அந்நாளோடு ஒத்திருந்தது. புவியச்சின் மெதுவான சுழற்சியால் அது இன்று சனவரி 14 அல்லது 15-க்கு நகர்ந்துவிட்டது.

கோலாலம்பூரில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஏறத்தாழ 20 நிமிடமே வேறுபாடு. நாம் உணராத திருப்பத்தை நம் நாட்காட்டி நினைவில் வைத்திருக்கிறது.

மறுவாரம் மூன்று விழாக்களையும் பலகையில் எழுதினேன். அந்த அம்மா எழுந்து, பொங்கலைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசினார்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பாடநூலில் நாம் இல்லையெனில் நாமே எழுதிச் சேர்ப்போம்.